குற்றவாளிக் கூண்டில் டாக்டர்

நீலப் பெட்டியின் கதை – அத்தியாயம் 9

(சென்ற இதழில்: 1985 பிப்ரவரி. இருபத்தோரு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைகதைத் தொடரைப் பதினெட்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்தார் பிபிசி-1 சேனலின் தலைவர் மைக்கேல் கிரேட். வன்முறை கூடிவிட்டது, கற்பனை வறண்டுவிட்டது என்பது அவர் வாதம். நீலப் போலீஸ் பெட்டியில் ஏறிக் காலத்தைக் கடந்து திரியும் அந்த வேற்றுலகவாசி பிழைத்தாரா?)

பிழைத்தாரா என்பது இருக்கட்டும். அவரைக் காப்பாற்றப் புறப்பட்ட ரசிகர்கள் செய்த முதல் காரியத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பாட்டுப் பாடினார்கள்!

1984 டிசம்பரில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பிரிட்டனின் பிரபலப் பாடகர்கள் கூடிப் பாடிய இசைத்தட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டிருந்தது. அதே பாணியில் ஒரு தட்டு போட்டால் என்ன என்று இயான் லெவின் என்ற இசைத் தயாரிப்பாளருக்குத் தோன்றியது. டிஸ்கோ பாட்டுகளில் பெயரெடுத்தவர். டாக்டர் ஹூ என்றால் உயிர். 1970-களின் இறுதியில் பிபிசி தன் பழைய அத்தியாயங்களைக் கணக்குப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தபோது, நேரில் போய் மல்லுக்கட்டிப் பல பிரதிகளை மீட்டவர். அந்தப் புண்ணியம் அவர் கணக்கில் என்றைக்கும் உண்டு.

1985 மார்ச்சில் ‘டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்’ வெளிவந்தது. டாக்டராக நடித்துக்கொண்டிருந்த காலின் பேக்கரே பாடினார். இசைக் கலைஞர்களில் ஒரு ஜெர்மன் இளைஞரும் இருந்தார். பெயர் ஹான்ஸ் ஜிம்மர். ஆம், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய அதே ஜிம்மர்தான். வருமானம் புற்றுநோயாளிகளுக்கான தொண்டு நிறுவனத்துக்கு என்றார்கள். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பாட்டில்தான்! பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. விற்பனைப் பட்டியலிலும் அது தலைகாட்டவில்லை. பாட்டைக் கேட்ட யாரும் இந்த ஒரு விஷயத்தில் பிபிசியைக் குறை சொல்லமாட்டார்கள்.

வெளியே இப்படி ஒற்றுமைப் பாட்டு. உள்ளேயோ வேறு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ரசிகர்கள் தங்களுக்குள் கூடியபோதும், தாங்களே அச்சடித்து விற்ற ரசிகர் இதழ்களிலும், இந்தத் தொடர் காப்பாற்றும் தகுதியோடுதான் இருக்கிறதா என்று அடித்துக்கொண்டார்கள். கிரேட் சொன்ன குற்றச்சாட்டுகளில் பாதியை அவருக்கு முன்பே இவர்கள் எழுதியிருந்தார்கள். சொல்லப்போனால், அந்தச் சண்டைக்கு அப்போதே ஒன்பது வயது. அது எங்கே தொடங்கியது என்று பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். அதற்குள் டாக்டரின் தலை அமுங்கிக் கிடக்கிறது.

* * *

1976 நவம்பர் 13, சனிக்கிழமை மாலை. ‘தி டெட்லி அசாசின்’ கதையின் மூன்றாம் பகுதி. எதிரி ஒருவன் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முகம் நீருக்கடியில். காட்சி அப்படியே உறைகிறது. அடுத்த சனிக்கிழமை வரை உறைந்தபடிதான்.

தொடர்கதை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை. மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையாருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. தொலைக்காட்சியில் ஆபாசமும் வன்முறையும் பெருகுவதை எதிர்த்து நேயர் சங்கம் நடத்திவந்தவர். அடுத்த வாரம் வரை ஒரு குழந்தையின் மனதில் அந்த முகம் அப்படியே தங்கியிருக்குமே என்றார். பிபிசியின் தலைமை இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். மூலப்பிரதியிலிருந்தே அந்த இடத்தை வெட்டினார்கள். அடுத்த பருவத்தில் தயாரிப்பாளர் பிலிப் ஹின்ச்கிளிஃப் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்.

இது வெளியிலிருந்து விழுந்த அடி. நம் கதைக்கு வேண்டியது வீட்டுக்குள்ளிருந்து விழுந்தது.

அந்தக் கதையை எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் சோகமே இவரைச் சுற்றித்தான். உலகப்போரில் பர்மாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி, பிறகு லண்டனில் போலீஸ்காரர், பிறகு பத்திரிகையாளர், கடைசியில் தொலைக்காட்சி எழுத்தாளர். பெரிய மனிதர்களையும் பெரிய நிறுவனங்களையும் கொஞ்சமும் மதிக்காத பேனா.

டாக்டர் பிறந்த இனம் டைம் லார்டுகள். 1969-ல் அவர்கள் முதன்முதலாகத் தோன்றியபோது கிட்டத்தட்டத் தேவர்கள். ஒரு சொல்லில் போரை நிறுத்தினார்கள். டாக்டரையே விசாரித்துப் பூமிக்கு நாடு கடத்தினார்கள். ஹோம்ஸ் என்ன செய்தார்? அந்தத் தேவர்களின் ஊருக்குள் காமிராவைக் கொண்டுபோனார். அங்கே வம்பு பேசும் கிழவர்களும், பதவிக்கு அடித்துக்கொள்ளும் அரசியல்வாதிகளும், உண்மையைத் திருத்தி அறிக்கை எழுதும் அதிகாரிகளும்தான் இருந்தார்கள்.

அதே 1976-ல்தான் டாக்டர் ஹூ ரசிகர் சங்கம் முறையாகத் தொடங்கப்பட்டிருந்தது. சங்கத்தின் தலைவர், சங்க இதழிலேயே இந்தக் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இந்தத் தொடரின் மாயம் எங்கே போயிற்று என்பது அவர் கேள்வி. பழைய கதைகள் நிறுவிய எதையும் ஹோம்ஸ் மதிக்கவில்லை என்று பட்டியல் போட்டார்.

இன்றைக்கு அவரைக் கேலி செய்வது சுலபம். டைம் லார்டுகள் பன்னிரண்டு முறைதான் உருமாறலாம் என்ற விதி, ‘மேட்ரிக்ஸ்’ என்ற நினைவுக் களஞ்சியம், அவர்களின் நெடிய கழுத்துப்பட்டை உடை என்று ரசிகர்கள் பின்னாளில் வேதமாக எடுத்துக்கொண்ட பலவும் அந்தக் கதையில் பிறந்தவை. அந்தக் கதையே இன்று தொடரின் தலைசிறந்த கதைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆனாலும் அந்தத் தலைவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தெரியாத வரைதான் தேவர்கள் தேவர்கள். உள்ளே போய்ப் பார்த்த பிறகு மர்மம் திரும்பி வராது. ஹோம்ஸுக்குப் பிறகு டைம் லார்டுகளை யாரும் பயத்தோடு பார்க்கவில்லை என்பது உண்மை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியும், பழைய கதையோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்வியும் அந்த விமரிசனத்தில் ஒன்றாகிவிட்டன. நாலே வருடங்களில், ரசிகர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் தயாரிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். விபரீதம் அங்கே ஆரம்பித்தது.

* * *

ஜான் நேதன்-டர்னர். 1980-லிருந்து தயாரிப்பாளர். ஹவாய் சட்டை, விளம்பர சாமர்த்தியம், ரசிகர் மாநாடு எங்கே நடந்தாலும் மேடையில் ஆள் இருக்கும். 1983 ஈஸ்டர் விடுமுறையில் லாங்லீட் மாளிகையில் நடந்த இருபதாம் ஆண்டு விழாவுக்கு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து, சாலைகள் அடைத்துக்கொண்டன. இத்தனை அன்பு வைத்திருப்பவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதானே?

கொடுத்தார்கள். பழைய எதிரிகள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். பழைய சம்பவங்களில் தவறு நேராமல் பார்த்துச் சொல்ல, மேலே பார்த்த அதே இயான் லெவின் ஆலோசனை வழங்கினார். 1985 ஜனவரியில் வந்த ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’ இதன் உச்சம். அதைப் புரிந்துகொள்ள 1966-ல் வந்த ‘தி டென்த் பிளானட்’ கதையும், 1967-ல் வந்த ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையும் ஞாபகம் இருக்க வேண்டும். இதில் முதல் கதையின் கடைசிப் பகுதி பிபிசியிடமே இல்லை. இரண்டாவது கதையில் ஒரு பகுதிகூட அப்போது பிபிசியிடம் இல்லை. தானே தொலைத்துவிட்ட பாடத்திலிருந்து நாட்டுக்குக் கேள்வித்தாள் தயாரித்திருந்தது பிபிசி!

(அந்த இரண்டாவது கதை ஹாங்காங்கிலிருந்து கிடைத்து, 1992-ல் வீடியோவாக வெளிவந்தது. காணாமல் போனவரை அது ஒப்பற்ற காவியம். கிடைத்த பிறகு, ‘இவ்வளவுதானா?’ என்று முனகியவர்களும் உண்டு. ஞாபகம் ஏமாற்றும் என்று நேதன்-டர்னர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்காகவே அவரை அதிகம் வெறுத்தார்கள்.)

அந்தக் காலத்துத் தரம் எப்படி ஏறி இறங்கியது என்பதற்கு இன்னொரு சாட்சியம். 2009-ல் ‘டாக்டர் ஹூ மேகஸின்’ அதுவரை வந்த இருநூறு கதைகளையும் வாசகர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டது. முதலிடம் ‘தி கேவ்ஸ் ஆஃப் அண்ட்ரோசானி’. எழுதியவர் நம் ராபர்ட் ஹோம்ஸ். இருநூறாவது இடம் ‘தி ட்வின் டைலெமா’. இந்த இரண்டும் எப்போது வந்தவை தெரியுமா? இரண்டுமே 1984 மார்ச் மாதம். முதல் கதை முடிந்த அடுத்த வாரமே இரண்டாவது கதை! இரண்டுக்கும் தயாரிப்பாளர் நேதன்-டர்னர்தான், ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்ட்தான்.

அந்தக் கடைசி இடத்துக் கதைதான் காலின் பேக்கரின் முதல் கதை. கொஞ்சமும் ரசனையில்லாத உடையாக வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டு வாங்கிய பல வண்ணக் கோட்டில் வந்து, முதல் பகுதியிலேயே தன்னுடன் பயணிக்கும் பெண்ணின் கழுத்தை நெரித்தார் புதிய டாக்டர். காலின் பேக்கர் நல்ல நடிகர். அவருக்குக் கொடுத்த கோட்டையும் கதையையும் போட்டுக்கொண்டு எந்த நடிகரும் தப்பியிருக்க முடியாது.

இப்போது பதினெட்டு மாத வனவாசம் முடிந்து, 1986-ல் கதவு திறக்கிறது. பிபிசியின் நிபந்தனை: வன்முறையைக் குறை, நகைச்சுவையைக் கூட்டு. மேலிடம் தொடரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது; கதையிலும் டாக்டரைக் கூண்டில் ஏற்றினால் என்ன என்று தோன்றியது தயாரிப்புக் குழுவுக்கு. பதினான்கு வாரம் நீளும் ஒரே வழக்கு. பெயர் ‘தி டிரையல் ஆஃப் எ டைம் லார்ட்’. முதல் நான்கு பகுதிகளையும் கடைசி இரண்டையும் எழுத வந்தார் ராபர்ட் ஹோம்ஸ்.

எழுத வந்தவர் முடிக்கவில்லை.

* * *

முதல் நான்கு பகுதிகளைப் படித்த நாடகப் பிரிவுத் தலைவர் ஜோனதன் பவல், குறைகளை வரிசையாக அடுக்கிக் குறிப்பு அனுப்பினார். நகைச்சுவையைக் கூட்டச் சொன்னதும் மேலிடம்தான். நகைச்சுவை மலிவாக இருக்கிறது என்றதும் மேலிடம்தான். ஹோம்ஸ் அப்போது உடல்நலம் குன்றியிருந்தார். தொடரின் மிகச் சிறந்த எழுத்தாளருக்கு இப்படியொரு கடிதமா என்று சாவர்ட் கொதித்துப்போனார்.

ஹோம்ஸ் பதின்மூன்றாம் பகுதியை எழுதினார். அதன் முடிவில், வெறிச்சோடிய கடற்கரையில் மணலுக்குள்ளிருந்து கைகள் முளைத்து டாக்டரை உள்ளே இழுக்கின்றன. பத்து வருடங்களுக்கு முன்பு தண்ணீருக்குள் அமுக்கிய அதே கை; அந்தத் தண்ணீர்க் காட்சி நடந்ததும் இதே மேட்ரிக்ஸ் உலகத்துக்குள்தான். அங்கிருந்து டாக்டரை எப்படி மீட்பது என்று எழுதுமுன், 1986 மே 24 அன்று ஹோம்ஸ் இறந்துபோனார்.

கடைசிப் பகுதியை சாவர்ட் எழுதினார். முடிவு இப்படி: டாக்டரும், அவர்மீது வழக்குத் தொடுத்த வேல்யார்டும் கட்டிப் புரண்டபடி காலத்தின் பிளவுக்குள் விழுகிறார்கள். இருவரும் பிழைத்தார்களா? தெரியாது. திரை இருளும்.

நேதன்-டர்னர் மறுத்தார். தொடரின் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது டாக்டரை அந்தரத்தில் விட்டால், மைக்கேல் கிரேட் அதையே கடைசி அத்தியாயமாக அறிவித்துவிடுவாரே! தயாரிப்பாளராக அவர் பயந்தது நியாயம். செத்துப்போன நண்பர் யோசித்துவைத்த முடிவைக் காப்பாற்ற நினைத்த சாவர்டின் கோபமும் நியாயம். சாவர்ட் வேலையை உதறினார்; கதையையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ‘ஸ்டார்பர்ஸ்ட்’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில் தயாரிப்பாளரை நார் நாராகக் கிழித்தார். ரசிகர்கள் இத்தனை நாள் ஊகித்துச் சொன்னதையெல்லாம், உள்ளேயிருந்த ஆளே வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டார்.

கடைசிப் பகுதிக்குக் கதை இல்லை. நாள் நெருங்குகிறது. பிப் பேக்கர், ஜேன் பேக்கர் என்ற எழுத்தாளத் தம்பதியைக் கூப்பிட்டார்கள். (காலின் பேக்கருக்கும் டாம் பேக்கருக்கும் இவர்கள் உறவில்லை, அந்தத் தொடருக்கு பேக்கர்கள் மேல் அப்படியொரு ராசி.) பதின்மூன்றாம் பகுதியைக் கையில் கொடுத்து, அடுத்ததை எழுதுங்கள் என்றார்கள். சாவர்டின் முடிவில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. சொன்னால் காப்புரிமைச் சிக்கல். வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க, தயாரிப்பாளர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வியை எழுதியவர் கல்லறையில். விடையை எழுதியவர் விலகிப்போய்விட்டார். விடையைப் பார்க்காதவர்கள் எழுதி முடித்தார்கள்.

1986 செப்டம்பர் 6 முதல் டிசம்பர் 6 வரை சனிக்கிழமைதோறும் வழக்கு நடந்தது. டாக்டர் கூண்டில் உட்கார்ந்து, தன் சாகசங்களையே பெரிய திரையில் பார்க்கிறார். நடுநடுவே ஆட்சேபம் தெரிவிக்கிறார். தொலைக்காட்சி பார்ப்பவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்க வைத்தால் கதை எப்படி நகரும்? திரையில் ஓடிய சாட்சியத்தில் எது உண்மை, எது திரித்தது என்று எழுதியவர்களுக்கே தெளிவில்லை. வழக்குத் தொடுத்த வேல்யார்ட் வேறு யாருமில்லை, டாக்டரின் சொந்த எதிர்காலத்துக் கருநிழல்தான் என்று பதின்மூன்றாம் பகுதியில் தெரிந்தபோது மட்டும் ஒருகணம் உடல் சிலிர்த்தது. அது ஹோம்ஸ். பதினான்காம் பகுதியில் அந்தச் சிலிர்ப்பும் போயிற்று. முந்தைய பருவத்தை வாரம் சுமார் எழுபது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இந்த வழக்கைப் பார்த்தவர்கள் சராசரியாக ஐம்பது லட்சத்துக்கும் கீழே.

ஒளிபரப்பு முடிவதற்குள்ளேயே காலின் பேக்கருக்குச் செய்தி போய்விட்டது. மேலிடத்துக்கு வேறு டாக்டர் வேண்டுமாம். தயாரிப்பாளரே போக விரும்பினார். அவரை மட்டும் இருக்கச் சொன்னார்கள். நடிகரை அனுப்பிவைக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

* * *

கடைசிப் பகுதி முடிந்த சில நாட்களுக்குள், மான்செஸ்டரிலிருந்து பிபிசி பகல்நேரத்தில் ஒளிபரப்பிய ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சி. நேயர்கள் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச, தயாரித்தவர்கள் பதில் சொல்வார்கள். அன்றைக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் பிப்பும் ஜேனும். கேள்வி கேட்க வந்தவர்கள் ரசிகர் சங்கத்தின் மெர்சிசைட் கிளைக்காரர்கள்.

அவர்களில் பதினாறு வயதுப் பையன் ஒருவன். ஒல்லி உடம்பு, கலைந்த முடி. பேச்சில் தயக்கமே இல்லை. கதை தேவையில்லாமல் சிக்கலாக இருந்தது என்றான். எழுத்து இன்னும் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கலாம் என்றான். தாழ்வாரங்களில் ஓடுவதும் அசட்டு ராட்சசர்களும் அலுத்துவிட்டன என்ற பொருளில், தலை நரைத்த எழுத்தாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னான். தம்பதியின் முகம் சுண்டியது.

சாவு, வழக்கறிஞர், திரும்பப் பெற்ற கதை – இதெல்லாம் அவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ, தெரியாது. அவன் சொன்னதில் பெரும்பகுதி சரிதான் என்பதும் என் அபிப்பிராயம். நெருக்கடியில் கைகொடுத்தவர்களை ஊரறியக் கடிந்தான். அவர்களைத் தவிக்கவிட்ட நிர்வாகம் அங்கே வந்து உட்காரவே இல்லை.

அந்தப் பையனின் பெயர் கிறிஸ் சிப்னல்.

2018-ல், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, டாக்டர் ஹூ தொடரின் தலைமை எழுத்தாளராகவும் முழுப் பொறுப்பாளராகவும் அமர்ந்தவர் இதே கிறிஸ் சிப்னல்தான். 2020 மார்ச் 1 இரவு, அவர் எழுதிய ஓர் அத்தியாயம், 1963-லிருந்து ரசிகர்கள் டாக்டரைப் பற்றி நம்பியிருந்த ஒன்றை அடியோடு புரட்டிப்போட்டது. எழுதத் தெரியவில்லை, பழைய கதையை மதிக்கவில்லை, மாயம் போய்விட்டது என்று கூச்சல் கிளம்பியது.

அந்த இரவுக்கு நாம் வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் 1988 டிசம்பர் காத்திருக்கிறது. ரசிகர்களின் நச்சரிப்புக்குத் தொடர் அப்போது கதைக்குள்ளேயே பதில் கொடுத்தது. கண்ணாடி போட்ட ரசிகப் பையன் ஒருவனைப் படைத்து, ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் அழைத்துவந்து, பார்வையாளர்கள் எதிரிலேயே அவனைக் கொன்றது! யோசனை யாருடையது? செத்த பையன் யாரைப் போலிருந்தான்? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)